கம்ப்யூட்டருக்கு உரைகல் தந்த குமாஸ்தா

ராமேஸ்வரத்தில் விடியற்காலை வேளையில் அக்கினி தீர்த்தக் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? காசியிலிருந்து வந்தவர்களும் காரைக்குடியிலிருந்து வந்தவர்களும் தோளோடு தோள் உரசிக் கடலில் முழுகுகிறார்கள். பிறகு ஈரத் துணியுடனேயே கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களிலும் நீராடுகிறார்கள். கிணற்றின் விளிம்பில் நிற்பவர் வாளியை வீசி இறைத்துத் தலையில் கொட்டுகிறார். செய்த பாவமெல்லாம் சேதுவில் தீரும் என்பது தொன்று தொட்டு வரும் நம்பிக்கை.

முன்பெல்லாம் வைதிகக் குடும்பங்களில் பாவங்களின் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. அது கடல் கடந்து சீமைக்குப் போவது. போனவர் திரும்பி வந்து சேதுவில் நீராடிப் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உறவினர் வீட்டுப் பந்தியில் அவருக்கு இலை விழாது.

1919-ம் ஆண்டு, சீமையிலிருந்து திரும்பிய தம் மகனை ராமேஸ்வரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கும்பகோணத்துத் தாய் ஒருவர் தவித்தார். ஆனால் மகனோ எலும்பும் தோலுமாகக் கப்பலிலிருந்து இறங்கியிருந்தார். நீண்ட பயணத்தை அவர் உடம்பு தாங்காது. யாத்திரை நின்றுபோயிற்று.

அந்த மகன்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் காலத்தில் கம்ப்யூட்டர் என்ற யந்திரமே கிடையாது. ஆயினும், ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும், அதன் நினைவகம் எவ்வளவு தாங்கும் என்று உரைத்துப் பார்க்க இன்று உலகெங்கும் பயன்படும் கணக்கு ஒன்று அவர் காட்டிய வழியில் பிறந்தது. பரீட்சையில் தோற்ற ஒரு துறைமுகக் குமாஸ்தா, யந்திரங்களுக்குப் பரீட்சை வைப்பவரான கதை இது.

சிலேட்டும் நோட்டும்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய் வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கெட்டிக்காரர். தெய்வ பக்தி மிகுந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயாரே குடும்பத்தின் இஷ்ட தெய்வம். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில்தான் பிள்ளை வளர்ந்தான்.

பத்தாவது வயதில் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினான். பதினைந்து வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாக அடுக்கி வைத்த புத்தகம் அது. பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிரூபணம் கிடையாது. வேறு பிள்ளையாக இருந்தால் மூடி வைத்திருப்பான். ராமானுஜனோ ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்கத் தொடங்கினான். அன்று பிடித்த பைத்தியம் கடைசி மூச்சு வரை விடவில்லை.

வீட்டில் காகிதம் வாங்கப் பணமில்லை. ஆகவே திண்ணையில் உட்கார்ந்து மடியில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போடுவார். துணியைத் தேடி எடுத்துத் துடைத்தால் நேரம் வீணாகும் என்று முழங்கையாலேயே அழிப்பார். கையில் அந்த இடம் கறுத்துத் தடித்துப் போயிருந்ததாம். சிலேட்டில் வழி முழுவதையும் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வந்த விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். சிலேட்டு உடனே எழுதி உடனே அழிக்க. நோட்டு என்றைக்கும் பாதுகாக்க. வாசகர்கள் இந்தச் சிலேட்டையும் நோட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

தோற்ற மாணவர்

1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. மனம் உடைந்து, வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் வரை ஓடிவிட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோய் குறுக்கிட்டது. எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை.

1909-ல் ஜானகி என்ற சிறுமியை மணம் செய்து வைத்தார்கள். இனி வேலை தேடியாக வேண்டும். பட்டமும் இல்லை, சிபாரிசும் இல்லை. கக்கத்தில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், டிப்டி கலெக்டராக இருந்த வி.ராமசாமி அய்யரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர் அவர். நோட்டைப் புரட்டியவர் அசந்து போனார். அவர் மூலம் சேஷு அய்யர், அவர் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று ஒருவர் கை மாற்றி ஒருவர் கையில் ராமானுஜன் வந்து சேர்ந்தார். ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். ஆனால் சும்மா வாங்கிச் சாப்பிடுவது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை.

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக டிரஸ்டில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய். அங்கே மானேஜர் நாராயண அய்யரே கணிதம் கற்றவராக இருந்தது ராமானுஜனின் அதிர்ஷ்டம். இரவில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார்கள்.

கடல் தாண்டிய கணக்கு

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் திரினிடி கல்லூரிப் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். நிரூபணம் எதுவும் இல்லை. முதலில் யாரோ ஏமாற்றுக்காரர் என்று எண்ணிய ஹார்டி, அன்றிரவே தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஆராய்ந்தார். எழுதியவர் முதல் தரமான மேதை என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. உடனே சீமைக்கு வரும்படி அழைப்பு வந்தது.

இங்கேதான் கடல் குறுக்கே நின்றது. தாய் சம்மதிக்கவில்லை. ஆசாரம் போய்விடும், ஊர் ஒதுக்கும், நாளை நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்? ராமானுஜன் நாமக்கல் சென்று தாயார் சந்நிதியில் தங்கி வந்தார். நாமகிரித் தாயாரே கனவில் தோன்றி, மகனின் வழியில் நிற்காதே என்று கோமளத்தம்மாளுக்கு உத்தரவு தந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கடைசியில் தாய் இசைந்தார். குடுமி எடுக்கப்பட்டது. வேட்டி போய்க் கால்சட்டை வந்தது. 1914 மார்ச் 17-ந் தேதி நெவாஸா என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது.

அதற்குச் சரியாக மூன்று வாரம் முன்னால், பிப்ரவரி 24-ந் தேதிதான், பாம்பன் கடல்மேல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சேதுவுக்குப் போகிறவர்கள் அன்று முதல் ரயிலிலேயே கடலைத் தாண்டித் தீவில் இறங்கினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து ராமானுஜனும் அந்த ரயிலில் வந்திருக்க வேண்டியவர்.

மேஜருடன் போட்டி

கேம்பிரிட்ஜ் சென்ற ஆண்டே, 'பை' என்ற எண்ணைப் பற்றி ராமானுஜன் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது பை. 3.14159 என்று தொடங்கி முடிவே இல்லாமல் போகும் எண் அது. அதைக் கண்டுபிடிக்கப் பழைய தொடர் ஒன்று உண்டு. கேரளத்து மாதவரும் பின்னர் ஐரோப்பியரும் கண்டது. அதில் ஐந்நூறு உறுப்புகளைக் கூட்டினாலும் 3.139 என்றுதான் நிற்கும். ராமானுஜன் தந்த தொடர்கள் 17. அவற்றில் மிக வேகமானதில் முதல் உறுப்பு ஒன்றே ஆறு தசம ஸ்தானம் வரை சரியான விடை தருகிறது. இரண்டாவதைச் சேர்த்தால் பதினைந்து ஸ்தானம். ஒவ்வொரு படிக்கும் எட்டு ஸ்தானம் கூடிக்கொண்டே போகும்! அது எப்படி வந்தது என்று முழு நிரூபணத்தை அவர் எழுதவில்லை.

பிறகு ஹார்டியுடன் சேர்ந்து வேறொரு கணக்கை எடுத்துக்கொண்டார். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பது கேள்வி. 4 என்ற எண்ணை 4 என்றும், 3-ம் 1-ம் என்றும், 2-ம் 2-ம் என்றும், 2-ம் 1-ம் 1-ம் என்றும், நான்கு ஒன்றுகள் என்றும் ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? இருவரும் சேர்ந்து ஒரு சூத்திரம் கண்டார்கள். சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மக்மேஹன் என்ற ராணுவ மேஜர் உதவிக்கு வந்தார். அவரும் கணித வல்லுநர். படிப்படியாகக் கையாலேயே கணக்கிட்டு, 200 வரை அட்டவணை தயாரித்துக் கொடுத்தார். அவர் கண்ட விடை 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. புதிய சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைப் போட்டுப் பார்த்தார்கள். அதே எண் வந்தது. வித்தியாசம் ஒன்றில் ஆயிரத்தில் நாலு பங்கு!

இந்த மேஜரும் ராமானுஜனும் மனக்கணக்கில் போட்டியிடுவதுண்டு. வேகத்தில் மேஜரே ஜெயிப்பார் என்று ஹார்டி பிற்காலத்தில் சொன்னதாகக் கேள்வி. ஆச்சரியப்பட வேண்டாம். வேகம் வேறு, வழி வேறு. மேஜர் பல நாள் நடந்து சேர்ந்த ஊருக்கு ராமானுஜன் குறுக்குப் பாதை கண்டுபிடித்தார்.

கிணறும் வாளியும்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். அதற்குள் முக்கியமாக இரண்டு பாகங்கள் உண்டு. கணக்குப் போடுவது பிராசஸர். எண்களை வைத்து எடுப்பது மெமரி என்ற நினைவகம். ராமேஸ்வரம் கோயில் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறுதான் மெமரி. வாளியால் இறைப்பவர் பிராசஸர்.

பெரிய வேலைகளுக்கான யந்திரங்களில் இரண்டு பிராசஸர்களை வைக்கிறார்கள். இரண்டு பேர் இறைத்தால் இரண்டு மடங்கு தண்ணீர் வருமா? கிணற்றின் வாய் அகலமாக இருந்தால் வரும். வாய் குறுகலாக இருந்து வாளியோடு வாளி மோதினால், ஒருவர் இறைக்கும்போது மற்றவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்க வேண்டியதுதான். யந்திரத்திலும் அப்படியே. மெமரியிலிருந்து எண்கள் வந்து சேரும் பாதை குறுகலானால், இரண்டாவது பிராசஸருக்குக் கொடுத்த பணம் வீண். விளம்பரத்தைப் படித்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. எல்லா யந்திரங்களுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்குக்கு பை பொருத்தமானது. பிரம்மாண்டமான எண்களைப் பெருக்க வேண்டியிருப்பதால் பிராசஸருக்கு ஓய்வே இராது. அந்த எண்களை ஓயாமல் வைத்து எடுப்பதால் மெமரியும் திணறும். நடுவில் ஓர் இடத்தில் தவறினாலும் அதன் பிறகு வருவதெல்லாம் குப்பை. வேகத்தோடு நேர்மையையும் இந்தக் கணக்கு சோதித்துவிடும்.

1949-ல் அமெரிக்காவின் எனியாக் என்ற ராட்சத யந்திரம் 70 மணி நேரம் ஓடி 2,037 ஸ்தானங்கள் கண்டது. அப்போது பயன்பட்டது பழைய சூத்திரம். 1985-ல் பில் காஸ்பர் என்ற அமெரிக்கர் ராமானுஜனின் 1914-ம் ஆண்டுத் தொடரை எடுத்து யந்திரத்தில் கொடுத்தார். ஒரு கோடியே 75 லட்சம் ஸ்தானங்கள் வந்தன! அதுவரை யாரும் அந்தத் தொடரை நிரூபித்திருக்கவில்லை. ஜப்பானியர் முன்பு வேறு வழியில் கண்ட இலக்கங்களுடன் ஒத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. போர்வைன் என்ற சகோதரர்கள் 1987-ல் நிரூபணத்தை வெளியிட்டார்கள்.

1986-ல் நாஸா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் பெய்லி, போர்வைன் சகோதரர்களின் முறையைக் கொண்டு கிரே-2 என்ற யந்திரத்தில் 2 கோடியே 93 லட்சம் ஸ்தானங்கள் கண்டார். ராமானுஜன் ஆராய்ந்த அதே துறையில் முளைத்த முறை அது. உலகிலேயே வேகமான யந்திரங்களில் ஒன்றாக இருந்த கிரே-2-ல் ஒளிந்திருந்த கோளாறுகளை இந்தக் கணக்கு காட்டிக் கொடுத்தது.

1989-ல் சுட்னாவ்ஸ்கி சகோதரர்கள் ராமானுஜன் தொடரின் சாயலிலேயே படிக்கு 14 ஸ்தானம் தரும் தொடர் ஒன்றைக் கொண்டு 100 கோடி ஸ்தானத்தைத் தாண்டினார்கள். அந்தத் தொடரை வைத்து அலெக்ஸாண்டர் யீ என்ற இளைஞர் ஒரு புரோகிராம் எழுதினார். 2010-ல் ஜப்பானில் ஷிகெரு கோண்டோ என்பவர் தம் வீட்டிலேயே கூட்டி அமைத்த கம்ப்யூட்டரில் அதை ஓட்டினார். அதில் பிராசஸர்கள் இரண்டு. மெமரி 96 கிகாபைட். 90 நாட்கள் இரவு பகலாக ஓடி 5 லட்சம் கோடி ஸ்தானங்களைக் கண்டது. அவ்வளவு இலக்கங்கள் மெமரியில் அடங்குமா? அடங்காது. ஆகவே வேண்டியதை மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு மற்றதை வட்டுகளில் எழுதி எழுதி எடுத்தார்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருத் திண்ணையில் நடந்ததும் இதுதானே? மெமரி சிலேட்டு; வட்டு நோட்டுப் புத்தகம்.

2022-ல் கூகிள் யந்திரங்களில் எம்மா ஹருகா இவாவோ என்ற பெண்மணி 100 லட்சம் கோடி ஸ்தானத்தைத் தொட்டார். இன்று புதுக் கம்ப்யூட்டர் கூட்டி அமைப்பவர்களும் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க இதே கணக்கைக் கொடுக்கிறார்கள்.

வராத விருந்தாளி

ராமானுஜன் கதை மீதி இருக்கிறது. சீமையில் உலக யுத்த காலம். சைவ உணவுக்குப் பஞ்சம். குளிர். தாமே சமைத்து, வேளை தவறிச் சாப்பிட்டார். 1917-ல் படுத்துவிட்டார். க்ஷயரோகம் என்று வைத்தியம் செய்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால டாக்டர்கள் கருதுகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கையிலேயே பெருமைகள் தேடி வந்தன. 1918-ல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் ஆனார். இந்தியர்களில் அவர் இரண்டாமவர். அதே ஆண்டு திரினிடி கல்லூரியின் பெலோ ஆனார், இந்தியர்களில் முதல்வர். சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. தமக்கு அவ்வளவு தேவையில்லை என்றும், மிச்சத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதினார். எப்.ஏ. தேறாதவர் எழுதிய கடிதம் அது!

1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றி வைத்தியம் நடந்தது. ராமேஸ்வரம் யாத்திரை மட்டும் நடக்கவில்லை. மீண்டும் சென்னை சேத்துப்பட்டு. படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32-வது வயதில் ராமானுஜன் காலமானார்.

அன்று உறவினர்களில் பலர் அந்த வீட்டுப் படியேறவில்லை. கடல் கடந்தவர், சேதுவில் நீராடாதவர். உலகம் போற்றிய மேதையின் உடலைத் தகனம் செய்யவும் பழைய நண்பர் ராமச்சந்திர ராவ்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. கணவரை இழந்தபோது ஜானகி அம்மாளுக்கு வயது இருபத்தொன்று. பிறகு தையல் வேலை கற்று, திருவல்லிக்கேணியில் தம் உழைப்பால் வாழ்ந்து 1994-ல் மறைந்தார்.

இதே கடற்கரையில் இன்னொரு காட்சியும் நடந்ததுண்டு. 1897 ஜனவரியில், மேனாடு சென்று திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாம்பனில் கரை இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து எதிர்கொண்டு, வண்டியைத் தாமே இழுத்தார். கடல் கடந்தவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய சீமை இது. ராமானுஜன் வந்திருந்தால் சேதுநாதர் தடுத்திருப்பாரா? கடல் தடுத்திருக்குமா? தடுத்ததெல்லாம் மனிதர் வைத்த அளவுகோல்கள்தாம்.

கல்லூரி ஓர் அளவுகோலை நீட்டியது, தேறாதவர் என்றது. ஊர் ஓர் அளவுகோலை நீட்டியது, தீட்டுப்பட்டவர் என்றது. அந்த அளவுகோல்களை யாரும் உரைத்துப் பார்க்கவில்லை. அவரும் சிலேட்டை முழங்கையால் துடைத்துவிட்டு அடுத்த கணக்கைத் தொடங்கினார்.

2012 முதல் அவர் பிறந்த நாளான டிசம்பர் 22-ஐ தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் காட்டிய வழியில் பிறந்த கணக்கு உலகெங்கும் யந்திரங்களை அளந்துகொண்டிருக்கிறது. அது நிறம் பார்ப்பதில்லை, விலை பார்ப்பதில்லை, யார் வீட்டு யந்திரம் என்றும் பார்ப்பதில்லை. விடை சரியா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறது. ராமானுஜனையும் அப்படி அளந்திருந்தால் போதும். அவரைப் பெற்றவள் அவ்வளவு தவித்திருக்க வேண்டாம்.